பழைய செயின்சோ: பாருக்கு ஒயில் சரியாக வருவதில்லை, பம்பை மாற்றத்தான் வேண்டுமா?

படுவான்கரையான் (கொக்கட்டிச்சோலை)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது மாமா காலத்தில் வாங்கிய பழைய பெற்றோல் செயின்சோ. அதில் 18 அங்குலப் பார் (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடு) பூட்டப்பட்டிருக்கிறது. மேல்மூடியில் இருந்த எழுத்துகள் தேய்ந்துவிட்டதால் மாதிரி இலக்கம் எதுவென்று சொல்ல முடியவில்லை. எஞ்சினில் எந்தக் குறையும் இல்லை. குளிர்ந்து கிடந்தாலும் சில இழுவைகளில் எழுந்துவிடும். வாடைக்காற்றில் சரிந்த தென்னைகளைத் துண்டு போடுவதும், வளவு ஓரத்து வேம்பு, வாகை மரங்களின் கிளைகளைத் தறிப்பதும், விறகு வெட்டுவதும்தான் இதன் வேலை.

சிக்கல் ஒயிலில்தான். ஒயில் தாங்கியை நிரப்பி வேலையைத் தொடங்கினால் முதலில் செயின் நனைந்திருக்கிறது. சிறிது நேரம் வெட்டிய பின்னர் செயின் காய்ந்து, பாரின் நுனிப்பக்கம் புகையத் தொடங்குகிறது. பாரின் கீழ் விளிம்பு ஓரிடத்தில் நீலம் பாய்ந்துவிட்டது. பெற்றோல் முழுவதும் தீர்ந்த பிறகு மூடியைத் திறந்து பார்த்தால் ஒயில் பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது. உழவு இயந்திரத்திலிருந்து வடித்த கழிவு ஒயிலைத்தான் இதுவரை ஊற்றி வருகிறேன். நகரில் உள்ள ஒரு திருத்துமிடத்தில் காட்டியபோது, வாளைக் கழற்றாமலே, பம்ப் போய்விட்டது, புதிதாகப் போட வேண்டும் என்றார்கள். அது கிடைக்கும் வரை பாரில் உள்ள ஒயில் துளையைத் துரப்பணத்தால் பெருப்பித்துக்கொண்டால் சமாளிக்கலாம் என்றும் சொன்னார்கள். பம்பின் விலையைக் கேட்ட பிறகு, இந்த வாளுக்கு அவ்வளவு செலவழிப்பது தகுமா என்ற யோசனை வந்துவிட்டது. பம்பை வாங்குவதற்கு முன் நானே பார்க்கக்கூடியவை எவை என்பதை அறிந்தவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.


கல்முனை மெக்கானிக்

தம்பி, பம்பை வாங்க அவசரப்பட வேண்டாம். பாரில் துளையைப் பெருப்பிக்கவும் வேண்டாம். ஒரு சுற்றுக்கு எவ்வளவு ஒயில் தள்ளுவது என்பதைத் தீர்மானிப்பது பம்ப்தான். பாரின் துளையை எவ்வளவு அகலமாக்கினாலும் பம்ப் தள்ளாத ஒயில் அதற்குள் வரப்போவதில்லை. பழுதில்லாத பாரைக் கெடுத்ததுதான் மிச்சமாகும்.

நீங்கள் எழுதியதில் முக்கியமான செய்தி, தாங்கி நிறைந்திருக்கும்போது ஒயில் வருகிறது, குறைந்ததும் நின்றுவிடுகிறது என்பது. பம்பின் பிஸ்டனோ பற்சக்கரமோ தேய்ந்திருந்தால் தாங்கி நிறைந்திருந்தாலும் அது ஒழுங்காக இறைக்காது. எனவே என் சந்தேகம் தாங்கிக்கும் பம்புக்கும் இடைப்பட்ட பகுதியில்தான் விழுகிறது. ஆயினும், சந்தேகத்தை மட்டும் நம்பிக் கழற்றத் தொடங்காமல், ஒயில் வரும் வழியைப் பாரிலிருந்து பின்னோக்கித் தாங்கி வரை ஒவ்வோர் இடமாகப் பார்த்துக்கொண்டு போவதே சரியான முறை. எந்த இடம் வரை ஒயில் வருகிறது என்பது தெரிந்துவிட்டால், பழுது அந்த இடத்தைத் தாண்டி, பாரின் பக்கமாக இருக்கிறது என்பது தானாகவே விளங்கிவிடும்.

முதலில் தாங்கியை நிரப்பி, வெட்டிய மரக்குற்றியின் வெளிறிய முகத்துக்கோ ஒரு மட்டைத் தாளுக்கோ நேராகப் பாரின் நுனியை ஒரு சாண் தூரத்தில் பிடித்துக்கொண்டு, எஞ்சினை அரைவாசி வேகத்துக்கு மேல் ஓடவிடுங்கள். செயினிலிருந்து தெறிக்கும் ஒயில் அதில் ஒரு கோடாக விழ வேண்டும். அதே சோதனையைத் தாங்கி பாதியாகக் குறைந்த பிறகும் செய்யுங்கள். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் நமக்குத் தேவை. சுகமான ஒரு வாளில், ஒரு தாங்கி பெற்றோல் முடியும்போது ஒயிலும் பெரும்பாலும் முடிந்திருக்கும். சற்று மட்டுமே மிஞ்சும்படிதான் செய்திருப்பார்கள், ஏனெனில் பெற்றோல் தீர்வதற்கு முன் ஒயில் தீர்ந்துவிடக் கூடாது. உங்கள் தாங்கியில் பாதிக்கு மேல் மிஞ்சுவது கொஞ்சக் குறைபாடு அல்ல.

பிறகு எஞ்சினை நிறுத்தி, பிளக் வயரையும் கழற்றிவிட்டு, பக்கமூடியைத் திறந்து பாரையும் செயினையும் வெளியே எடுங்கள். பாரின் அடிப்பக்கத்தில், நட் போல்ட்டுக்கு அருகே இருபுறமும் சிறிய ஒயில் துளைகள் இருக்கும். மெல்லிய கம்பியால் அவற்றைக் குத்தி, பாரின் பள்ளத்தை உடைந்த இரும்பறுக்கும் வாள் அலகால் நுனி வரை இழுத்துச் சுத்தம் செய்யுங்கள். உள்ளே களிபோல் இறுகிய மரத்தூள் வரும். தென்னை வெட்டுபவர்களின் பாரில் அது இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். பாரை எப்போதாவது மாற்றியிருந்தால், அதன் துளை வாளின் உடலில் உள்ள ஒயில் வாய்க்கு நேராக வருகிறதா என்பதையும் பாருங்கள். போல்ட்டில் ஏறிவிட்டது என்பதற்காக எல்லாப் பாரும் எல்லா வாளுக்கும் பொருந்தாது. பாருக்கும் உடலுக்கும் நடுவே மெல்லிய தகடு ஒன்று இருக்க வேண்டிய மாதிரிகளில் அந்தத் தகடு தொலைந்துபோனால், ஒயில் செயினுக்குப் போகாமல் இடுக்கால் வழிந்து வாளின் அடியில் சேரும். செயின் காய்ந்திருக்க, வாள் வைத்த இடம் நனைந்திருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பார் இல்லாத நிலையில் எஞ்சினை ஓட்டி, உடலில் உள்ள ஒயில் வாயைக் கவனியுங்கள். இங்கே இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, கிளச் டிரம் (வேகம் கூடியதும் செயினைச் சுழற்றும் உருளை) திறந்தபடி சுழலும் என்பதால் சாரத்தோடு அதன் அருகில் நிற்க வேண்டாம்; நீளக் காற்சட்டை அணிந்து, கையைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, பல மாதிரிகளில் பம்பைச் சுழற்றுவது கிளச் டிரம்தான். எஞ்சின் மெதுவாக ஓடும்போது டிரம் நின்றுகொண்டிருக்கும், ஆகவே ஒயிலும் வராது. டிரம் சுழலும் வரை வேகத்தைக் கூட்டிய பிறகே முடிவு சொல்ல வேண்டும். இதை அறியாமல், நல்ல பம்பைப் பழுதென்று எறிந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஒயில் வாயில் வராவிட்டால், அல்லது வந்து நின்றுவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒயில் மூடியை அரைச்சுற்றுத் தளர்த்திப் பார்க்கலாம். தளர்த்தியதும் ஒயில் வரத் தொடங்கினால், தாங்கிக்குள் காற்றுப் புகும் சிறுதுளை அடைபட்டிருக்கிறது என்று பொருள். ஒயில் வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே வராவிட்டால் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்பால் இழுக்க முடியாமல் போகும். தளர்த்தியும் மாற்றம் இல்லையென்றால், மிஞ்சியிருப்பது தாங்கிக்குள் இருக்கும் உறிஞ்சும் குழாயும், அதன் நுனியில் ஒயிலை வடிகட்டும் வடியும். முனை வளைத்த கம்பியால் வடியை மூடித் துவாரம் வழியாக வெளியே இழுத்துப் பாருங்கள். கழிவு ஒயில் ஊற்றுவதாகச் சொல்கிறீர்கள்; வடி எந்த நிலையில் இருக்கும் என்பதை ஊகிக்க முடிகிறது. அதோடு, பழைய இறப்பர்க் குழாய் கீறல் விழுந்திருந்தால், ஒயில் மட்டம் கீறலுக்கு மேலே இருக்கும் வரை எந்தத் தொந்தரவும் தெரியாது. மட்டம் கீழே இறங்கியதும், ஓட்டை ஸ்ட்ரோவால் குரும்பை குடிப்பது போல, பம்ப் காற்றைத்தான் இழுத்துக்கொண்டிருக்கும். உங்கள் வாளின் அறிகுறி இதனோடு மிகவும் ஒத்துப்போகிறது.

இவற்றையெல்லாம் பார்த்த பிறகும் விடை கிடைக்காவிட்டால் மட்டுமே பம்பில் கைவைக்க வேண்டும்.


வயற்காரன் (தம்பிலுவில்)

எங்கள் பக்கத்தில் எல்லோரும் கழிவு ஒயில்தான் ஊற்றுகிறார்கள். அதனால் வாள் நின்றுபோனதாக நான் கேள்விப்படவில்லை. ஒயில் மெல்லியதாக இருப்பதால் வெயிலில் செயினில் நிற்காமல் பறந்துவிடுகிறது என்பதே என் அபிப்பிராயம். 90 இலக்கக் கியர் ஒயிலைக் கலந்து சற்றுத் தடிப்பாக்கிப் பாருங்கள். சிலர் தேங்காயெண்ணெயும் ஊற்றுகிறார்கள்.


மரக்காலை காக்கா (சம்மாந்துறை)

வயற்காரன் தம்பி, செயினில் ஒட்டி நிற்கும் ஒயில் வேண்டும் என்று நீங்கள் சொல்வது சரிதான். அதற்காகத்தான் செயின் ஒயிலில் பிசுக்குத் தரும் ஒரு பொருளைச் சேர்த்து விற்கிறார்கள். ஆனால் இந்தத் தம்பியின் வாளில் ஒயில் பறந்துபோகவில்லை, தாங்கியை விட்டு வெளியே வரவே இல்லை. பாதிக்கு மேல் மிஞ்சியிருக்கிறது என்று அவரே எழுதியிருக்கிறார். குழாயில் கீறலோ வடியில் அடைப்போ இருக்கும்போது ஒயிலைத் தடிப்பாக்கினால், பம்புக்கு இழுக்கும் பாரம் கூடி, வருவதும் நின்றுவிடும்.

கழிவு ஒயிலைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசுவேன். எஞ்சினுக்குள் தேய்ந்த இரும்புப் பொடியும் கரியும் அதற்குள் இருக்கின்றன. ஒயில் பம்பின் பிஸ்டன் விரல் நுனியளவு சாமான். உள்ளே இடைவெளி மிகக் குறைவு. அந்தப் பொடி அதைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். பம்பை விடுங்கள், செயினிலிருந்து தெறிக்கும் ஒயில் முழுவதும் வெட்டுபவரின் கையிலும் முகத்திலும் உடுப்பிலும் படுகிறது, மிச்சம் வளவு மண்ணில் இறங்குகிறது. பாவித்த எஞ்சின் ஒயிலில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருள்கள் சேர்ந்திருக்கும். கிணற்றடியில் நின்று தென்னை வெட்டும் ஊர் இது. செயின் ஒயில் கிடைக்காவிட்டால், எஸ்.ஏ.ஈ. 30 இலக்கப் புதிய எஞ்சின் ஒயிலை ஊற்றுங்கள். நம் பகுதிச் சூட்டுக்கு 40 இலக்கமும் ஓடும். அது செயின் ஒயில் அளவுக்கு ஒட்டாது, ஆனால் பம்பைக் கெடுக்காது. தேங்காயெண்ணெய் அவசரத்துக்குப் பரவாயில்லை. இருப்பினும் அது ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையத் தொடங்கும். மார்கழி, தை மாத விடியற்காலைகளில் தாங்கிக்குள் அது கட்டியாகி இருப்பதைக் காணலாம். சூடேறினால் தண்ணீர்போல் இளகியும் விடும்.

மெக்கானிக் எழுதியதோடு இன்னொன்றைச் சேர்க்க விரும்புகிறேன். தென்னையின் வெளிப்பக்க வைரம் செயினைக் கெதியில் மழுக்கிவிடும். கூரான செயின் சீவல் சீவலாகத் தள்ளும், மழுங்கிய செயின் மாவாகத் தள்ளும். அந்த மாவு ஒயிலோடு குழைந்துதான் பாரின் துளையையும் பள்ளத்தையும் அடைக்கிறது. மழுங்கிய செயினை அழுத்தி வெட்டும்போது சூடும் கூடும், அதனால் ஒயில் ஓரளவு வந்தாலும் போதாததுபோல் தோன்றும். பாரை நீங்கள் சுத்தம் செய்யும் அன்றைக்கே செயினுக்கு அரம் போட்டு, நீலம் பாய்ந்த விளிம்பில் எழும்பியிருக்கும் பிசிறைத் தட்டை அரத்தால் சீவிவிட்டு, அடுத்த முறை பூட்டும்போது பாரை மேல்கீழாகத் திருப்பிப் போடுங்கள்.

மூடியைத் தளர்த்திப் பார்க்கும் சோதனையில் ஒரு விலக்கு உண்டு. மிகப் பழைய வாள்கள் சிலவற்றில் தனிப் பம்ப் கிடையாது. எஞ்சினின் அடிப்பெட்டியில் எழும் அழுத்தத்தைத் தாங்கிக்குள் விட்டு, அந்த அழுத்தத்தால் ஒயிலைத் தள்ளுவார்கள். அந்த வகையில் மூடியைத் தளர்த்தினால் வருகிற ஒயிலும் நின்றுவிடும். அங்கே மூடியின் இறப்பர் வளையம் இறுக்கமாக இருப்பதுதான் முக்கியம். வேறு சில பழைய வாள்களில் பெருவிரலால் அழுத்தி ஒயில் விடும் பொத்தானும் இருக்கும். உங்கள் வாள் எந்த வகை என்பதைக் கிளச்சுக்குப் பின்னால் பார்த்தால் அறியலாம்: டிரம்முக்கு உட்புறம் திருகுப்பல் கொண்ட சிறு சக்கரம் இருந்தால் அது பம்பைச் சுழற்றும் வகை.


படுவான்கரையான் (கொக்கட்டிச்சோலை)

மெக்கானிக் அண்ணனுக்கும் காக்காவுக்கும் மிக்க நன்றி. சொன்ன ஒழுங்கிலேயே பார்த்தேன்.

பாரின் ஒயில் துளைகளில் ஒன்று முற்றாக அடைபட்டிருந்தது. பள்ளத்திலிருந்தும் கறுத்த களி நிறைய வந்தது. அதைச் சுத்தம் செய்து பூட்டிய பின்னர், தாங்கி நிறைந்திருக்கும்போது மரக்குற்றியில் ஒயில் கோடு தெளிவாக விழுகிறது. ஆனால் பாதியானதும் மறுபடியும் நின்றுவிடுகிறது. பாரைக் கழற்றி வேகத்தைக் கூட்டிப் பார்த்தபோதும் உடலில் உள்ள ஒயில் வாயில் அதே நிலைதான். மூடியைத் தளர்த்தியதில் எந்த மாற்றமும் இல்லை. கவனித்ததில் புதிய விடயம் ஒன்று உண்டு: வாளைப் பக்கவாட்டில் சாய்த்து அடிமரம் அறுக்கும்போது, பாதித் தாங்கியிலும் சில வேளைகளில் ஒயில் வருகிறது, நேராகப் பிடித்துத் துண்டு போடும்போதுதான் நின்றுவிடுகிறது.

வடியை வெளியே இழுத்தேன். அதன் வலையில் கரி பூசியதுபோல் படிந்திருந்தது, மண்ணெண்ணெயில் கழுவிவிட்டேன். குழாயின் நுனிப்பகுதி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது தாங்கியின் மேற்சுவருக்குள் நுழையும் இடத்தில், டோர்ச் அடித்துப் பார்த்தால், இறப்பர் வெடித்ததுபோல் தெரிகிறது. டிரம்முக்குப் பின்னால் காக்கா கூறிய திருகுப்பல் சக்கரம் இருக்கிறது. குழாயின் மறுமுனை பம்புக்குள் போவதால் கிளச்சைக் கழற்றாமல் அதை எடுக்க முடியாது போலிருக்கிறது. கிளச் எந்தப் பக்கம் சுற்றினாலும் அசையவில்லை. எஞ்சினுக்குச் சேதம் வராமல் அதைக் கழற்றுவது எப்படி? குழாய்க்கு எதை வாங்குவது?


கல்முனை மெக்கானிக்

தம்பி, சாய்க்கும்போது வருகிறது, நேராக்கினால் நிற்கிறது என்று நீங்கள் கவனித்தது போதும். வெடிப்பு ஒயிலுக்குள் மூழ்கும்போது பம்ப் இழுக்கிறது, வெளியே வந்ததும் காற்றைக் குடிக்கிறது. பம்பை வாங்கத் தேவையில்லை.

பெரும்பாலான வாள்களில் கிளச்சின் புரி இடப்புரி. வழமையான நட்டுக்கு மாறாக, மணிக்கூட்டு முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் அது கழலும். கிளச்சின் முகத்தில் அம்புக்குறி பொறித்திருந்தால் அதை நம்புங்கள். கிளச்சோடு எஞ்சினும் சேர்ந்து சுற்றாதபடி எஞ்சின் பிஸ்டனை அசையாமல் நிறுத்த வேண்டும்; அதற்கு இரும்பு எதையும் பிளக் துவாரத்தால் விடக் கூடாது. பிளக்கைக் கழற்றி, இழுகயிற்றை மெதுவாக இழுத்துப் பிஸ்டனை மேலே கொண்டுவாருங்கள். சைலன்சர்ப் பக்கத்தில் புகை வெளியேறும் வாயை அது கடந்து மூடிய பிறகே, முடிச்சில்லாத மெல்லிய நைலோன் கயிற்றை உள்ளே திணியுங்கள். வாய் திறந்திருக்கும்போது திணித்தால் கயிறு அதற்குள் அகப்பட்டு நசியும், பிஸ்டனிலும் கீறல் விழலாம். கயிற்றின் மறுமுனை வெளியே நீளமாக நிற்க வேண்டும். அதன் பிறகு கிளச்சை ஸ்பனரால் ஒரே நிதானத்தில் திருப்புங்கள். சுத்தியலால் கிளச்சின் காதுகளில் அடிக்கிறவர்கள் பலர். அவை உடைந்தால் பம்பை விடக் கூடுதல் செலவு.

கிளச் வெளியே வந்ததும் திருகுப்பல் சக்கரத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். பிளாஸ்டிக்காக இருந்தால் பற்கள் உருகியோ தேய்ந்தோ இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்; செயின் பிரேக்கை விடுவிக்காமல் வேகம் கூட்டினால் டிரம் கொதித்து அதை உருக்கிவிடும். அந்தச் சக்கரத்திலிருந்து நீளும் கம்பிக்கை ஒன்று டிரம்மின் விளிம்பில் உள்ள வெட்டுக்குள் இருக்கும் வகையானால், திரும்பப் பூட்டும்போது கம்பி அந்த வெட்டுக்குள் சரியாக விழுந்திருப்பதை உறுதிப்படுத்துங்கள். அது வெளியே நின்றால் புதுக் குழாய் போட்டும் ஒரு துளி வராது. பம்பைத் திறக்க வேண்டாம். மண்ணெண்ணெயால் கழுவி, கையால் அதன் பல்லைச் சுற்றினால் பிஸ்டன் போய்வருவது தெரியும். பெற்றோலால் கழுவினால் அதன் இறப்பர் வளையங்கள் ஊதிப்போகக்கூடும். வாளின் அடியில் ஒயில் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகாணி இருந்தால், அது எந்த நிலையில் நின்றது என்று குறித்துவைத்துக்கொண்டு, குழாய் மாற்றிய பின்னரே தேவைப்பட்டால் திருப்புங்கள்.


மரக்காலை காக்கா (சம்மாந்துறை)

குழாயைப் பற்றி நான் சொல்கிறேன். உங்கள் வாளுக்கு உரிய வார்ப்புக் குழாய் கிடைத்தால் அதையே போடுங்கள், ஏனென்றால் தாங்கிச் சுவரை அடைத்துக்கொண்டு நிற்கும் தடித்த கழுத்து அதில் சேர்ந்தே வரும். பழைய குழாயை எறியாமல் கடைக்குக் கையோடு கொண்டுபோய், கழுத்தின் விட்டத்தை ஒப்பிட்டு வாங்குங்கள். மாதிரி இலக்கம் தெரியாத வாளுக்கு இதுதான் வழி. அது கிடைக்காதபோது, மோட்டார் சைக்கிள் கடைகளில் விற்கும், ஒயிலுக்கும் பெற்றோலுக்கும் தாங்கும் கறுப்பு இறப்பர்க் குழாயில் ஒரு துண்டை இறுக்கமாகப் பொருத்தலாம். மீன் தொட்டிக்குக் காற்று விடும் கண்ணாடிபோன்ற குழாயைப் போட வேண்டாம்; ஒயிலில் ஊறி அது விறைத்து, எஞ்சின் சூட்டில் பொருத்தும் இடத்தில் மறுபடி வெடிக்கும்.

நீளத்தைப் பழையதற்குச் சரியாகவே வெட்டுங்கள். கட்டையாக இருந்தால் வடி தாங்கியின் அடியைத் தொடாமல் தொங்கி, கடைசிக் கால்வாசி ஒயில் எப்போதும் மிஞ்சும். நீளமாக இருந்தால் உள்ளே மடிந்து அடைபடும். பூட்டி முடித்ததும், தாங்கியில் இருக்கும் கழிவு ஒயிலை முழுவதுமாக வடித்து, மண்ணெண்ணெய் விட்டுக் குலுக்கி ஊற்றிவிட்டு, புதிய ஒயிலைப் பாதி மட்டுமே நிரப்பி மரக்குற்றிக்கு முன்னால் சோதித்துப் பாருங்கள். முழுவதும் நிரப்பிச் சோதித்தால் வெடிப்பு இருந்தபோதும் வந்த அதே கோடுதான் தெரியும்.